மிரட்டுகிறவனின் முதலீடு

தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் அதிபர்மாரே, கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு நேரே இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் அம்மாமாரே, அக்காமாரே, பின்வரிசையில் தலையைக் குனிந்து போன் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கச்சிமாரே! பார்ப்பதைப் பாருங்கள் தம்பி, இன்றைக்குப் பேச்சே உங்கள் கையில் இருப்பதைப் பற்றித்தான்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு இணையத்தைப் பாதுகாப்பாக, பொறுப்பாகப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நம்மில் முக்கால்வாசிப் பேரிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. "போனைப் பிடுங்கி அலமாரியில வச்சுப் பூட்டுங்க சார், எல்லாம் சரியாப் போயிடும்." சரி, பூட்டலாம். அந்தப் போன் தோட்டத்து லயத்துக்குள் எப்படி வந்தது என்பதை மட்டும் பூட்டுவதற்கு முன் ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடினார்கள். வட்ஸ்அப்பில் பாடம் வரும், ஸூமில் வகுப்பு நடக்கும் என்றார்கள். நாட்சம்பளத்துக்காகத் தெருவில் இறங்கிப் போராடுகிற வீடுகள், காதில் கிடந்த தோட்டை அடகுக் கடையில் வைத்துப் போன் வாங்கின. டேட்டா இருந்தால் சிக்னல் இல்லை. பிள்ளைகள் குடையைப் பிடித்துக்கொண்டு மலை உச்சியில் போய் நின்றார்கள். ஊவாவில் லுணுகலைப் பக்கம் காட்டுக்குள்ளே மரத்தின் மேல் கட்டிய வீட்டில் பிள்ளைகளை ஏற்றி உட்காரவைத்துப் பெற்றோர் காவல் நின்ற செய்தி உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. படிக்கிறதுக்காகப் பிள்ளையை மரத்தில் ஏற்றிவிட்ட நாம், எப்படி இறங்கி வருவது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. கொரோனா போனது. பாடசாலை திறந்தது. போன் வீட்டிலேயே தங்கிவிட்டது.

இப்போது நிலைமையைப் பாருங்கள். மாணவர் போனைப் பாடசாலைக்குக் கொண்டுவரக் கூடாது. ஆனால் வீட்டுப்பாடம் வகுப்பு வட்ஸ்அப் குரூப்பில்தான் வரும். வாசலில் தடை செய்த பொருளை வைத்துக்கொண்டு வீட்டில் படிக்கச் சொல்கிறோம். அதை எப்படிப் பிடிக்க வேண்டும், எப்போது கீழே வைக்க வேண்டும் என்று சொல்ல யாருக்கும் பாடவேளை ஒதுக்கவில்லை. தரம் 6 இலிருந்து தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் ஒரு பாடமாக இருக்கத்தான் செய்கிறது. கணினியின் பாகங்களைப் படம் வரைந்து பெயர் குறிக்கிற பிள்ளை, "உன் படம் என்கிட்ட இருக்கு" என்று ஒரு செய்தி வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறது.

கொழும்பில் எழுதுகிற பாதுகாப்பு அறிவுரைகளை நான் தேடித் தேடிப் படிக்கிறவன். நல்ல அறிவுரைகள்தான். ஆனால் அவை எல்லாமே ஓர் ஆளுக்கு ஒரு போன், ஓர் ஆளுக்கு ஓர் அறை என்ற கணக்கில் எழுதப்பட்டவை. நம் லயக் காம்பராவில் ஒரு போன் எத்தனை பேருக்கு? காலையில் வேலைப் பெரட்டுக்குப் போகும் வரை அது அப்பாவின் போன். பின்னேரம் அண்ணனுக்குக் கிரிக்கெட். இருட்டினால் தங்கச்சிக்கு வீட்டுப்பாடம். இரவு ஒன்பது மணிக்குக் குவைத்திலிருந்து அம்மா இமோவில் வருவாள். அந்த நேரம் அது பாட்டியின் போன். பேஸ்புக் கணக்கு அப்பா பேரில், அதற்குள்ளே பேசுவது மகன். இரகசிய இலக்கத்தை யாருக்கும் சொல்லாதே என்ற அறிவுரை இந்த வீட்டில் எங்கே போய் நிற்கும்? நம் பாடசாலையில் நடத்தும் வகுப்பு இங்கேயிருந்து தொடங்க வேண்டும். பொதுப் போனில் கணக்கைத் திறந்தால் மூடிவிட்டு எழுந்திருப்பது எப்படி, அண்ணனுடைய கூட்டாளி அந்தப் போனைக் கேட்டு வாங்கினால் என்ன செய்வது, திருத்துகிற கடைக்குக் கொடுக்குமுன் படங்களை எடுத்துவிடுவது எப்படி என்பதெல்லாம் அந்த வகுப்பில் வர வேண்டும். ரீலோட் போடக் கடையில் நாலு பேர் நிற்க நம்பரைச் சத்தமாகச் சொல்லாமல் கார்ட் வாங்கிக்கொள்ளச் சொல்வதும் பாடம்தான். சின்ன விஷயம் என்று சிரிக்க வேண்டாம். 2017இல் இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் ரீசார்ஜ் கடைகளிலிருந்து பெண்களின் நம்பர்கள் விலைக்கு விற்கப்பட்டதைப் பத்திரிகைகள் வெளியே கொண்டுவந்தன.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் மேடை ஏறினேன். 

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் இந்தத் தோட்டங்களில் துண்டு முறை என்று ஒன்று இருந்தது. பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு தொழிலாளி கங்காணியிடம் பட்ட கடனைச் சீட்டில் எழுதி வைத்திருப்பார்கள். அவன் வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால், இவ்வளவு தொகையைக் கட்டுகிறவர் இவனை அழைத்துப் போகலாம் என்று சீட்டுச் சொல்லும். கடன் தீராது. தோட்டம் மாறினாலும் கூடவே மாறும். ஆள் யார் கையில் என்பதைத் துண்டு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் தீர்மானிப்பார். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

நூறு வருடம் கழித்து அதே துண்டு நம் பிள்ளைகளின் பேரில் எழுதப்படுகிறது. தெரியாத ஒருவன் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் அன்பாகப் பேசுகிறான். ஒரு படம் கேட்கிறான். படம் கைக்கு வந்ததும் குரல் மாறுகிறது. "இன்னொண்ணு அனுப்பு. இல்லாட்டி உன் ஸ்கூல் குரூப்ல போட்டுருவேன்." பயந்து பிள்ளை அனுப்புகிறது. அடுத்தது ரீலோட் கேட்பான். அதற்கடுத்தது காசு. அதற்கடுத்தது நேரில் வா என்பான். கொடுத்துத் தீர்ந்த கடன் இதில் கிடையாது, கொடுக்கக் கொடுக்கத் துண்டில் தொகை ஏறிக்கொண்டே போகும். பெண் பிள்ளைக்கு மட்டும் வருகிற ஆபத்து என்று நினைத்து மகன் வீட்டார் நிம்மதியாக இருக்க வேண்டாம். பையன்களைக் குறிவைத்துக் காசு பறிக்கும் கும்பல்கள் உலகம் முழுக்க இருக்கின்றன.

இந்த வியாபாரத்தில் அவனுடைய முதலீடு எது? படம் என்பீர்கள். இல்லை ஐயா. அந்தப் பிள்ளை அன்று இரவே அம்மாவிடமோ டீச்சரிடமோ போய் "இப்படி ஒருத்தன் மிரட்டுறான்" என்று சொல்லிவிட்டால் படத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? அவன் முதல் போட்டிருப்பது நம்முடைய பிரம்பின் மேல். வீட்டில் சொன்னால் அப்பா அடிப்பார், பாடசாலையில் சொன்னால் பேர் கெடும், படிப்பை நிறுத்திக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பிள்ளைக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். நாம் போடுகிற பயத்தில் அவன் வட்டி எடுக்கிறான்.

"இவ ஏன் அனுப்புனா?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியைக் கேட்காமல் நம் வாய் நிற்காது. அம்மாமாரே, இன்றைக்குப் படம் அனுப்பவே தேவையில்லை. பாடசாலை விளையாட்டுப் போட்டியில் வெள்ளைச் சீருடையோடு நிற்கிற முகம் போதும். செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு அதை ஆபாசப் படமாக மாற்றிவிடுகிறார்கள். எதுவுமே செய்யாத பிள்ளைக்கும் அதே மிரட்டல் வருகிறது. அந்தப் பிள்ளையிடம் போய் ஏன் அனுப்பினாய் என்று கேட்டால், முதல் அடி அவன் அடித்தது, இரண்டாவது அடி நாம் அடித்தது.

ஆகவே பாடசாலையில் முதல் பாடம் பிள்ளைகளுக்கு இல்லை, நமக்குத்தான். வந்து சொல்கிற பிள்ளைக்கு அடி இல்லை, போன் பறிமுதல் இல்லை, காலைக் கூட்டத்தில் பேர் சொல்வதில்லை. இந்த வாக்கை அதிபர் எழுதிக் கையெழுத்திட்டு ஒட்ட வேண்டும். ஒரு டீச்சரின் பேரையும் அதில் போட வேண்டும். பிள்ளைகள் நம்புகிற டீச்சராகப் பார்த்துப் போடுங்கள், ஒழுக்கத்துக்குப் பொறுப்பான சார் வேண்டாம்.

அந்த டீச்சருக்கும் சில விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளை அழுதுகொண்டு வந்ததும் அவனை பிளொக் பண்ணு என்று அவசரப்படக் கூடாது. மிரட்டிய செய்திகளையும் கணக்கின் பேரையும் நம்பரையும் முதலில் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைக்க வேண்டும். காசு அனுப்பக் கூடாது, பதில் எழுதக் கூடாது. அந்தப் படத்தை மட்டும் சாட்சிக்கென்று தன் போனுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கக் கூடாது. தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவு, 18 வயதுக்குக் குறைந்தவரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதையே குற்றம் என்கிறது. "ஐயோ பாவம், பார்த்தீங்களா?" என்று அடுத்த குரூப்புக்குத் தள்ளிவிடுகிற ஆளும் அந்தப் பிரிவுக்குள் வருவார். தம்பிமாரே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான். கூட்டாளியின் படத்தை வேடிக்கைக்கு அனுப்பினேன் என்பது பொலிசில் நிற்காது.

1929. இது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். தமிழில் பேசலாம். இணையக் குற்றம் என்றால் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101. பேஸ்புக்கில் போலிக் கணக்கை நீக்குவதற்கு ஹிதவதி என்ற சேவை மூன்று மொழியிலும் உதவுகிறது. படம் பரவாமல் தடுக்க 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கென்று 'டேக் இட் டவுன்' என்ற இலவச வசதி 2023 முதல் இருக்கிறது. அதில் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. படத்துக்கு உரிய ஒரு குறியீட்டை நம் போனே உண்டாக்கிக் கொடுக்கும். சேர்ந்திருக்கும் நிறுவனங்கள் அந்தக் குறியீட்டை வைத்துத் தங்கள் தளங்களில் அதே படத்தைத் தேடி நீக்கும். இது இருப்பதே தெரியாமல் எத்தனை பிள்ளைகள் தனியாக உட்கார்ந்து அழுதிருக்கும்!

2024இல் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்திருக்கிறது, இனி அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு நண்பர் சொன்னார். அந்தச் சட்டம் அரசை விமர்சிக்கிறவர் வாயை மூடவும் பயன்படலாம் என்று பத்திரிகையாளரும் சட்டத்தரணிகளும் அன்றே எதிர்த்தார்கள், எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. அது வேறு மேடைக்கான பேச்சு. அவுஸ்திரேலியாவைப் பார், 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே இல்லை என்றும் சொல்கிறார்கள். அப்பா பேரில் கணக்கு வைத்து மகன் பேசுகிற வீட்டில் அந்தத் தடை யாரைத் தடுக்கும்? அரசாங்கத்தின் கவனத்தையும் பார்த்தோமே. 2025 கடைசியில், புதிய சீர்திருத்தத்துக்காக அச்சடித்த தரம் 6 ஆங்கிலப் பாடத்தொகுதியில் சிறுவருக்குப் பொருந்தாத ஓர் இணையதள முகவரி கிடந்தது. விநியோகத்தை நிறுத்தினார்கள், நாடாளுமன்றம் வரை சத்தம் போனது. அரசியல்வாதிகள் அவரவர் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். எனக்கு அதில் பட்டது ஒன்றுதான். எழுதியவர், பார்த்தவர், அச்சடித்தவர் என்று இத்தனை பெரியவர்கள் கையைத் தாண்டி வந்த முகவரியை யாரும் ஒரு தடவை திறந்து பார்க்கவில்லை. நாம் பதினொரு வயதுப் பிள்ளையிடம், "திறக்குமுன் யோசி" என்கிறோம்.

பொறுப்பு என்பதற்கு வருவோம். தூரத்து உதாரணம் வேண்டாம், திகன நம் மாகாணத்தில்தான் இருக்கிறது. 2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் மலட்டு மாத்திரை போட்டார்கள் என்று பேஸ்புக்கில் ஒரு கதை ஓடியது. அது வெறும் மாவுக்கட்டி என்று பிறகு அரச பகுப்பாய்வில் தெரிந்தது. ஆனால் தெரிவதற்குள் கடை நொறுங்கிவிட்டது. மார்ச் தொடக்கத்தில் திகனயில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது, அந்தக் கதையும் அதுபோன்ற கதைகளும் போன் போனாகத் தாவிக்கொண்டிருந்தன. அவசரகாலச் சட்டம் போட்டு, சமூக ஊடகங்களையே அரசு முடக்கியது. தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்கு பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. எரிந்த வீட்டுக்கு இரண்டு வருடம் கழித்து ஒரு மன்னிப்பு! அனுப்பியவர்களில் பாதிப் பேர் கெட்டவர்கள் இல்லை. உண்மையா என்று நமக்கென்ன, தெரிந்துகொள்ளட்டும் என்று விரலை வைத்தவர்கள். வரலாற்றுப் பாடத்தில், குடியியல் பாடத்தில் இதைச் சொல்லிக்கொடுக்கக் கணினி அறையின் சாவி தேவையில்லை. கணினி இல்லை, அதனால் கற்பிக்க முடியவில்லை என்ற சமாதானத்தை நான் பாதிதான் ஏற்றுக்கொள்வேன்.

உயர்தரம் எழுதிவிட்டு வேலை தேடும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தாய்லாந்தில் கணினியில் தகவல் பதிகிற வேலை, கை நிறையச் சம்பளம் என்று இணையத்தில் விளம்பரம் வரும். அதை நம்பிப் போன இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவடியில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டு, அடிபட்டு மீட்கப்பட்டிருக்கிறார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேட்காமல் கடவுச்சீட்டை யாரிடமும் நீட்டாதீர்கள்.

இதையெல்லாம் யார் எந்த மொழியில் சொல்வது? 1931இல் இதே ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யர், வெளியாள் உள்ளே வர முடியாத காலத்தில் புடவை வியாபாரி போலத் தோட்டங்களுக்குள் நுழைந்தவர். சட்டத்தைத் தமிழில் சின்னச் சின்னப் புத்தகமாக எழுதிக் கொடுத்தார். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவர் மனைவி மீனாட்சி அம்மையார் பாட்டாகக் கட்டிப் பாடினார். அன்று மீனாட்சி அம்மையாருக்குப் பாட வேலியோரமும் கூட்ட மேடையும்தான் கிடைத்தன. இன்று தரம் 10 படிக்கிற தங்கச்சியின் கையில் டிக்டொக் இருக்கிறது. பெரியவர்கள் எழுதிக் கொடுக்கும் வசனம் வேண்டாம். நாங்கள் எழுதினால் அது பொங்கல் விழாப் பேச்சு மாதிரி இருக்கும், பிள்ளைகள் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். லயத்துப் பேச்சில், அவர்கள் சிரிப்போடு, ஒரு நிமிடப் படமாக அவர்களே எடுக்கட்டும். 1929 என்ற இலக்கம் மட்டும் அதில் இருந்தால் போதும்.

தலைவர் அவர்களே, மேடையில் இருக்கும் அதிபர்மாரிடம் ஒரு தாளைக் கொடுத்திருக்கிறேன். "வந்து சொல்லும் பிள்ளைக்குத் தண்டனை இல்லை" என்று நாலு வரி எழுதியிருக்கிறது. கீழே பொறுப்பு ஆசிரியை பேருக்கும் அதிபரின் கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கிறேன். வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பும் தீர்மானமாக இதை முன்மொழிகிறேன். பேனா வேண்டுமானால் என்னிடம் இருக்கிறது. வழிமொழிய முன்வரிசை அம்மாமாரில் ஒருவர் எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.