மலரின் பெயரால் மரணம்

(மரைன் ஹில்லில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள் நாம். நமக்கு முன்னே இந்த மண்ணில் இருந்தவர்கள் பட்ட பாட்டை நாம் அறிந்திருக்க வேண்டாமா? 1942 மார்ச் 23-ல் ஜப்பானியப் படை இங்கே இறங்கியது. இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேர், 1945 வரை அவர்கள் பிடியில் கிடந்தது. ஆசியா ஆசியருக்கே என்று முழங்கி வந்த அந்தப் படைக்குப் பின்னால் துப்பாக்கியோடு கவிதையும் நின்றது. அதைப் பற்றியே இன்று பேசுகிறோம்.

பழைய ஜப்பானியக் கவிதையில் செர்ரிப் பூ நிலையாமையின் அடையாளம். நம் புலவர்கள் காஞ்சித் திணையில் பாடிய அதே நிலையாமைதான். சில நாளே பூத்து உதிரும் மலரைக் கண்டு மனிதன் கலங்குவதில் குற்றமில்லை. ஆனால் அரசு அந்த மலரைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டது. பேரரசருக்காக உதிர்வதே அழகு என்று பள்ளிப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்தது. 1942-ல் எழுத்தாளர்களைத் திரட்டி ஒரு தேசபக்த சங்கம் அமைத்தார்கள். அதன் கவிதைப் பிரிவுக்குப் பெருங்கவிஞர் தகமுரா கோதாரோ தலைவரானார். 1944-ல் முதல் தற்கொலை விமானப் பிரிவுகளுக்குப் பழம்பாட்டொன்றின் சொற்களே பெயராயின. ஆளோடு மோதி வெடிக்கச் செய்த ஒரு விமானத்துக்கு 'ஓகா' என்று பெயர். செர்ரிப் பூ என்று பொருள்!

எல்லாக் கவிஞரும் பணிந்தார்களா? இல்லை. கனெகோ மிட்சுஹாரு என்பவர், மகனைப் பட்டாளத்துக்குக் கொடுக்க மனமின்றி, புகையில் உட்காரவைத்து அவனுக்கு இழுப்பு வரச்செய்து காப்பாற்றினார். தாய்மார்களுக்கு இது புரியும்.

அந்த 'அழகு' நம் ஊரில் என்ன செய்தது? திவான் சிங் ஒரு மருத்துவர்; 'காலேபாணி' என்ற புனைபெயர் கொண்ட பஞ்சாபிக் கவிஞர்; இங்கே இந்திய சுதந்திர லீக்கின் தலைவராக இருந்தவர். அவரையே உளவாளி என்று பிடித்து செல்லுலார் சிறையில் 82 நாள் வதைத்தார்கள். 1943 டிசம்பர் 30-ல் நேதாஜி இவ்வூரில் கொடியேற்றியபோதும் அவர் சிறைக்குள்தான் கிடந்தார். 1944 ஜனவரி 14-ல் உயிர் பிரிந்தது. அதே மாதம் 30-ந் தேதி ஹம்ஃப்ரேகஞ்சில் 44 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களுக்கு எந்தப் பூவின் பெயரும் சூட்டப்படவில்லை.

போர் முடிந்தபின் தகமுரா தம் பாட்டுகளை எண்ணி நொந்து, மலைக் குடிசையில் ஏழாண்டு தனித்து வாழ்ந்தார். செத்தவர்கள் திரும்பவில்லை.

தோழர்களே, களச்சாவைப் புகழும் பாட்டு நம் தமிழிலும் உண்டு. நாளை எவர் மேடையேறிச் சாவை அழகென்று பாடினாலும், சாகப்போவது யார் வீட்டுப் பிள்ளை, பாடச் சொல்பவர் யார் என்று கேட்போம். ஆண்டுதோறும் பொங்கல் பானை வைக்கும் வேளையில், ஜனவரி 14-ல் இம்மண்ணில் மாண்ட அந்தக் கவிஞரின் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம்.