1991-இல் போட்ட கோடு



உடம்பு பருத்த ஒருவரைக் கண்டால் நம் ஊரில் எல்லோரும் வைத்தியர்கள். வாயைக் கட்டு, காலையில் நட, கொள்ளு ரசம் குடி! காசில்லாத அறிவுரை அல்லவா, அள்ளி வழங்குகிறோம். அவரே இரைப்பை அறுவை சிகிச்சைக்குப் போகிறேன் என்றால், “இளைக்கவா லட்சக்கணக்கில் செலவு?” என்று முகம் சுளிக்கிறோம்.

கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் செலவை மட்டும் எழுதி வரவை விட்டால் அது கணக்காகுமா? ஆயுள் முழுக்கச் சர்க்கரை மாத்திரை, பிறகு இன்சுலின், இரத்தக் கொதிப்பு, தேய்ந்த முழங்கால், தூக்கத்தில் நின்று நின்று வருகிற மூச்சு, போகமுடியாத வேலை... இவற்றில் எவ்வளவு செலவு மிச்சமாகும் என்றும் எழுதுங்கள். ஸ்வீடனில் 1987-இல் தொடங்கி, அறுவை செய்துகொண்டவர்கள் சுமார் 2,000 பேரையும் செய்யாதவர்கள் சுமார் 2,000 பேரையும் ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். 2007-இல் வந்த முடிவு, அறுவை செய்துகொண்டவர்களிடம் சாவு குறைவு என்றது. சர்க்கரையும் பலருக்கு அடங்கியது; சிலருக்குச் சில ஆண்டுகளில் திரும்பி வந்தது, அதையும் மறைக்கக் கூடாது.

சரி, யாருக்குக் கிடைக்கிறது? நம் நாட்டுக் காப்பீட்டு விதி, உடல் நிறை குறியீட்டெண் 40 வேண்டும், கட்டுப்படாத சர்க்கரை போன்ற கடும் நோய் இருந்தால் 35 போதும் என்கிறது. இந்த எண்கள் 1991-இல் அமெரிக்காவில் கூடிய ஒரு மருத்துவ மாநாடு வகுத்தவை. அமெரிக்க உடம்புக்குப் போட்ட கோடு! நம்மவருக்கோ கைகால் மெலிந்து தொந்தி மட்டும் விழுந்தாலே சர்க்கரை வந்துவிடுகிறது. 2022-இல் இத்துறை அறுவை மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கமும் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து, ஆசியர்களுக்கு 27.5-க்கு மேலேயே இச்சிகிச்சை தரலாம் என்றன. கிலோவில் சொல்கிறேன். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 27.5 என்பது 75 கிலோ. 35 என்பது 95 கிலோ. சர்க்கரை கட்டுப்படாமல் தவிப்பவரை, இன்னும் 20 கிலோ ஏறிவிட்டு வா என்கிறோமா?

75 கிலோக்காரர் எல்லோரும் கத்திக்குப் போகவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. மருந்துக்கும் உணவுமுறைக்கும் நோய் அடங்காதவர்களைப் பற்றியே பேசுகிறேன். அவர்களும் “சலுகை விலை” விளம்பரத்தைக் கண்டு ஓடக்கூடாது. இரும்புச்சத்து, பி12, கால்சியம், ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை, இவை கடைசிவரை உண்டு. அந்தச் செலவைச் சொல்லாதவர் முழு விலையையும் சொல்லவில்லை.

ஆகவே இந்த மன்றம் தீர்மானம் நிறைவேற்றுவதானால் இரண்டு கேளுங்கள்: காப்பீட்டு விதியின் எண்களை நம் உடம்புக்கேற்ப மாற்றவேண்டும், மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரிகளில் அறுவைக்குப் பிந்தைய பரிசோதனையும் சத்து மாத்திரைகளும் இலவசமாகக் கிடைக்கவேண்டும்.