தூணுக்கு அடியில் ஒரு கல்



விருத்தாசலம் என்றதும் பீங்கான் நினைவுக்கு வரும். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் சில பழைய ஓட்டு வீடுகள் நிற்கின்றன. மண் சுவர், மரத்தூண், மேலே உத்திரம், பனங்கை, நாட்டு ஓடு. அப்படி ஒரு வீட்டுக்குப் போனால் எல்லோரும் அண்ணாந்து கூரையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் குனிந்து பாருங்கள். தூணுக்கு அடியில் ஒரு கல் இருக்கும்.

எதற்கு அந்தக் கல்? அழகுக்கு மட்டும் இல்லை. மரம் மண்ணைத் தொடக்கூடாது. தொட்டால் ஈரம் ஏறும். ஈரம் ஏறினால் உளுக்கும், கரையானும் வரும். நாம் செருப்புப் போடுகிறோமே, அதுபோல தூணுக்கு அந்தக் கல். மரம் நனைவதால் மட்டும் கெடுவதில்லை. நனைந்தது காயாமல் இருந்தால்தான் கெடும். நாட்டு ஓட்டின் இடுக்கில் காற்று புகுந்து பனங்கையைக் காயவைக்கிறது. அடியில் கல் தூணில் ஈரம் ஏறாமல் தடுக்கிறது.

இன்னொன்று. தூண் மண்ணில் புதையாமல் கல்லின்மேல் நிற்கிறது. மரத்தைக் கழுந்தும் துளையுமாகப் பொருத்தியிருந்தால் பிரித்து, வேறு இடத்தில் மறுபடி பூட்டலாம். முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் இப்படிப் பெயர்த்து வந்து நிறுத்திய வீடுகள் உண்டு. கான்கிரீட்டில் அது நடக்குமா?

பழைய வீட்டில் புதுத் தரை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தரையை உயர்த்தி, சிமென்ட் பூசி, அந்தக் கல்லை மூடிவிடாதீர்கள். கல் வெளியே தெரியட்டும்.