நமீபு மணலில் நாலு சக்கரம்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



போன மாதம் செயலாளர் எனக்குப் போன் செய்து, "நீ ஆப்பிரிக்கா போய்ட்டு வந்தியாமே, அதைப் பத்தி இருபது நிமிஷம் பேசு" என்றார். சிங்கம், யானை என்று ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருக்கிறார். நான் அங்கே பார்த்த பெரிய காட்டு மிருகம் ஒரு பச்சோந்திதான். சிங்கத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து காபிக்குப் போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை. நான் பேசப் போவது மணலைப் பற்றி.

என் மூத்தவன் நமீபியாவில் ஒரு சுரங்கத்தில் பொறியாளராக இருக்கிறான். தென்னாப்பிரிக்காவின் பிடியிலிருந்து 1990 மார்ச் 21-ஆம் தேதி விடுதலை பெற்ற நாடு அது. அவன் குடியிருக்கும் ஊர் ஸ்வாகோப்முண்டு. 1892-இல் ஜெர்மானியர்கள் ஏற்படுத்திய கடற்கரை ஊர். 2023 ஆகஸ்ட் மாதம் அங்கே போயிருந்தேன். பாலைவனம்தானே என்று நான் காட்டன் சட்டையாக எடுத்துக்கொண்டு போனால், இறங்கின அன்றைக்கே மருமகள் ஸ்வெட்டரைக் கொண்டுவந்து நீட்டினாள். அட்லாண்டிக் கரையோரமாக பெங்குவெலா என்ற குளிர் நீரோட்டம் ஓடுகிறது. அதனால் கடலிலிருந்து மழை வருவதில்லை, மூடுபனிதான் வருகிறது. வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் 20 மில்லிமீட்டர் மழை தேறுவது அபூர்வம். நம்ம ஊரில் ஐப்பசியில் ஒரு சாயங்காலம் பெய்கிற மழைக்குக் காணாது அது.

ஊரின் தெற்கு எல்லையில் ஸ்வாகோப் ஆறு. ஆறு என்று பெயர்தான், தண்ணீர் வருவது எப்போதாவது. அதைத் தாண்டினால் மணல்மேடுகள் தொடங்கி, வால்விஸ் பே துறைமுகம் வரைக்கும் 30 கிலோமீட்டருக்கு மேல் போகின்றன. அங்கேதான் குவாட் பைக்கில் ஏற்றிக் கூட்டிப் போகிறார்கள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை குவாட் பைக் போலாமா? வழிகாட்டி கூடவே வருவாரு, பயமில்லை" என்றான் மகன்.

பயமில்லை என்று யாரிடம் சொல்கிறான்? குதிரைமொழித் தேரிக்குப் பக்கத்தில் பிறந்தவன் நான். திருச்செந்தூர்ப் பக்கம் போனவர்கள் அந்தச் செம்மணல் காட்டைப் பார்த்திருப்பீர்கள். பனையும் உடையும் முந்திரியும் தவிர ஒன்றும் இருக்காது. ஆடி மாதக் காற்றில் மணல் நகர்ந்து வந்து நடைபாதையை மூடிவிடும். முதல் நாள் ஓடி விளையாடின காலடி மறுநாள் காலையில் இருக்காது. மணல் எதையும் வைத்துக்கொள்ளாது என்பது எனக்கு அஞ்சு வயசிலேயே தெரிந்த விஷயம். தெரிந்ததாக நினைத்த விஷயம் என்று திருத்திக்கொள்கிறேன், காரணம் பிறகு வருகிறது.

குவாட் பைக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பிள்ளைகளும் நாளைக்கு உங்களை துபாய்க்கோ ஜெய்சால்மருக்கோ கூட்டிப் போய் இதன் மேல் உட்கார வைக்கக்கூடும். நாலு சக்கரம், நடுவில் ஸ்கூட்டர் மாதிரி காலை விரித்து உட்காரும் சீட்டு. ஆக்ஸிலேட்டரை நாம் முறுக்கிப் பழகியவர்கள். இதில் வலது கட்டை விரலால் ஒரு சின்ன நெம்புகோலை அமுக்க வேண்டும். டயர் பானை மாதிரி பருத்திருக்கும், ஆனால் உள்ளே காற்று நம் ஸ்கூட்டர் டயரில் இருப்பதில் நாலில் ஒரு பங்குதான். காற்று குறைந்தால் டயர் தட்டையாகப் படியும், பாரம் பரவும், மணலில் புதையாது. ஒட்டகத்தின் பாதம் செய்கிற வேலைதான்.

முக்கியமாக ஒன்று. வண்டி சாய்கிறது என்று தோன்றினால் ஸ்கூட்டர்க்காரன் உடனே காலைத் தரையில் ஊன்றுவான். இதில் ஊன்றினால் பின்சக்கரம் நம் கால் மேலேயே ஏறும். எங்கள் வழிகாட்டி இதை மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை என்னை மட்டும் பார்த்துச் சொன்னார்.

அந்த வழிகாட்டிக்கு முப்பது வயசு இருக்கும். ஓவம்போ இனத்தவர். ஹெல்மெட்டை என் தலையில் மாட்டி வாரை இறுக்கிவிட்டு, "சரியா இருக்கா, தாத்தே?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மகனைப் பார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டே, "அவங்க பாஷையில தாத்தேன்னா அப்பான்னு அர்த்தம்ப்பா, பெரியவங்களை மரியாதையா அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்றான். மரியாதைதான் என்று தெரிந்த பிறகும், அடுத்த இரண்டு மணி நேரமும் ஒவ்வொரு தாத்தேவும் எனக்குத் தாத்தாவாகத்தான் காதில் விழுந்தது. அந்தக் கடுப்பும் பின்னால் நடந்ததற்கு ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆறு வண்டிகள். முன்னால் வழிகாட்டி, கடைசியில் அவருடைய உதவியாளர், நடுவில் நாங்கள் நாலு பேர். "என் தடத்திலேயே வாங்க, பக்கத்துல போகாதீங்க" என்பதுதான் அவர் போட்ட ஒரே சட்டம். முதலில் சரளைத் தரை. சின்னச் சின்னக் கற்கள் பாவின, தட்டையான வெளி. நூறு வண்டி பக்கத்தில் பக்கத்தில் போகலாம் போல அகலமாகக் கிடக்கிறது. அதில் ஒரே ஒரு தேய்ந்த தடம், அதன் மேலே எறும்பு மாதிரி ஒருவர் பின் ஒருவராகப் போகிறோம். இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மணல்மேடு வந்தது. நண்பர்களே, அதை எப்படிச் சொல்வது! நம் பௌதிக ஆய்வகத்தில் புனல் வழியாக மணலைக் கொட்டி, குவியல் எந்தச் சாய்வில் நிற்கிறது என்று அளந்தது நினைவிருக்கிறதா? ஊரிலிருந்து நான் டிபன் டப்பாவில் தேரி மணல் கொண்டுவந்து அளந்து, முப்பத்து மூன்று டிகிரி என்று எழுதி, சார் நம்பாமல் மறுபடி அளக்கச் சொன்னார். மணல்மேட்டின் மறைவுப் பக்கம் அதே சாய்வில்தான் நிற்கிறது. 32-லிருந்து 34 டிகிரி. எவ்வளவு பெரிய மேடானாலும் அதற்கு மேல் செங்குத்தாக நிற்காது, சரிந்துவிடும். காற்று அடிக்கும் பக்கமோ வேறு மாதிரி. மணிகள் தாவித் தாவி வந்து விழுந்து, இடுக்கெல்லாம் நிரம்பி, கெட்டிப்பட்டு, சாய்வும் குறைவாக இருக்கும். பாக்னால்டு என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1920-களிலும் 30-களிலும் ஃபோர்டு கார்களில் எகிப்து, லிபியப் பாலைவனங்களைச் சுற்றிவிட்டு, ஊருக்குப் போய்க் காற்றுக் குழாய் வைத்து ஆராய்ந்து, 1941-இல் இதையெல்லாம் புத்தகமாக எழுதினார். அந்தப் புத்தகத்தின் பெயரை சார் கரும்பலகையில் எழுதிப்போட்டது ஞாபகம். நான் படிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஏறும்போது வேகத்தைக் குறைக்கக் கூடாது, நடுவில் நின்றால் புதைந்துவிடும். உச்சிக்குப் பக்கத்தில் வந்ததும் விரலைத் தளர்த்த வேண்டும், ஏனென்றால் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. வழிகாட்டி முதலில் ஏறி, விளிம்பில் நின்று, கையைத் தூக்கிக் காட்டினால்தான் அடுத்தவர் வரலாம். என் முறை வந்தது. முன்சக்கரம் இரண்டும் விளிம்பைத் தாண்டின ஒரு கணம் எனக்கு முன்னால் வெறும் வானம். அப்புறம் மூக்கு கவிழ்ந்தது. கீழே, வெகு கீழே, மகனுடைய ஹெல்மெட் ஒரு பொத்தான் அளவுக்குத் தெரிகிறது. நேராக இறங்கு, திருப்பாதே, பிரேக்கை அழுத்தாதே என்று சொல்லியிருந்தார்கள். சரிவில் குறுக்கே திருப்பினால் வண்டி உருண்டுவிடும். நான் பிரேக்கைத் தொடவில்லை. தொட வேண்டும் என்று தோன்றவே இல்லை, கை மரத்துப் போயிருந்தது. மகன் அதைத் தைரியம் என்று எடுத்துக்கொண்டான், நானும் மறுக்கவில்லை.

நாலைந்து மேடு ஏறி இறங்கின பிறகு பயம் போய்விட்டது. வளைவில் உடம்பை உள்பக்கம் சாய்த்துக் கொடுத்தால்தான் வண்டி திரும்பும் என்பது பிடிபட்டது. அறுபத்து நாலு வயசில், ஒரு ஸ்டென்டோடு, காலேஜ் சுவரேறிக் குதித்தவன் போல ஆகிவிட்டேன்.

நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, வழிகாட்டி பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். மணல் மேல் கறுப்புப் பட்டை பட்டையாகப் படிந்திருந்த இடத்தில் தேய்த்தார். காந்தத்துக்கு மீசை முளைத்தது. இரும்புத் தாது மணல். பக்கத்தில் சிவப்பாக மின்னியது கார்னெட். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் இதே கறுப்பும் சிவப்பும் உண்டு என்று நான் சொல்ல, அவர் "அப்படியா தாத்தே!" என்று ஆர்வமாகக் கேட்டார். ஒரு வண்டைப் பற்றிச் சொன்னார். நமீபின் மணல்மேட்டு உச்சியில், மூடுபனி வரும் விடியலில், அது தலைகீழாக நிற்குமாம். முதுகில் பனி படிந்து துளியாகி வாய்க்கு வழிந்து வரும். அதுதான் அதற்குத் தண்ணீர். பச்சோந்தியைக் காட்டியதும் அங்கேதான். ஒரு செடியோரம் கருகருவென்று உட்கார்ந்திருந்தது. காலைக் குளிரில் வெயிலை இழுத்துக்கொள்ள உடம்பைக் கறுப்பாக்கிக்கொள்ளுமாம்.

திரும்பும் வழியில் மறுபடி அந்தச் சரளை வெளி. தடம் ஒரு பெரிய வளைவாகப் போகிறது. மகன் முன்னால் போய்விட்டான். குறுக்கே வெட்டினால் அவனுக்கு முன்னால் போய் நிற்கலாம். நின்று, "தாத்தாவைப் பாத்தியா?" என்று கேட்கலாம். கட்டை விரலை அமுக்கினேன். ஒரு ஐம்பது அடி இருக்கும், அவ்வளவுதான்.

வழிகாட்டி கையைத் தூக்கினார். எல்லா எஞ்சினும் நின்றது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "தாத்தே, இறங்குங்க" என்று சொல்லி, நான் போட்ட தடத்தின் மேலேயே என்னை நடத்திக் கூட்டிப் போனார். சாம்பல் நிறக் கற்களுக்கு நடுவே, வெளுத்த ரெண்டு கோடு. பிறகு கொஞ்ச தூரம் தள்ளி, அதே மாதிரி வேறு ரெண்டு கோடுகளைக் காட்டினார். நான் புதிதென்று நினைத்தேன். "இது நான் இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே இருக்கு" என்றார்.

பௌதிகம் படித்தவனுக்கு அப்போதுதான் உறைத்தது. மேட்டிலே மணி சிறியது, காற்று தூக்கும், தடத்தை நிரப்பும். இங்கே காற்று பொடியையெல்லாம் எப்போதோ கொண்டுபோய்விட்டது, மிச்சமிருப்பது அதனால் தூக்க முடியாத கல். அந்தக் கல் அடுக்கும், அடியில் பனியின் ஈரத்தில் இறுகின மெல்லிய ஓடும் உருவாக எத்தனையோ காலம் ஆகியிருக்கும். சக்கரம் ஏறினால் கல் உள்ளே போகும், ஓடு உடையும். அதைச் சரிசெய்ய மழை கிடையாது. காற்று ஒன்றுதான், மேட்டுக்கும் இதற்கும். அங்கே அழிக்கும், இங்கே அழிக்காது.

டமாரா ஆலா என்று ஒரு சின்னக் கடற்பறவை இருக்கிறது. உலகத்தில் உள்ள அந்த இனத்தில் பெரும்பகுதி இந்தக் கரையோரத்தில்தான் முட்டையிடுகிறது. கூடு கிடையாது. இந்தக் கற்களுக்கு நடுவே ஒரே ஒரு முட்டை, கல் மாதிரியே நிறத்தில். "இப்ப சீசன் இல்லை, அக்டோபருக்கு மேலதான்" என்றார் வழிகாட்டி, எனக்கு ஆறுதல் சொல்வது போல. 2010-இல் இந்தக் கரைப் பகுதியை டோரோப் தேசியப் பூங்காவாக அறிவித்ததற்கும், வண்டிகள் எங்கே போகலாம் என்று வரையறுத்ததற்கும் இதெல்லாம்தான் காரணம்.

நான் உட்கார்ந்து கையால் கல்லைத் தள்ளித் தடத்தை மூடப் பார்த்தேன். வெளுப்பு இன்னும் அகலமானது. "விடுங்க தாத்தே" என்றார்.

அப்போது மகன் வந்து நின்றான். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. அவரிடம், "எங்க அப்பா தெரியாம செஞ்சுட்டாரு, மன்னிச்சுக்குங்க" என்றான். அவன் ஏழாம் வகுப்பில் ஜன்னல் கண்ணாடியை உடைத்தபோது, ஹெட்மாஸ்டர் அறையில் நின்று நான் சொன்ன அதே வாக்கியம். தெரியாமல் என்ற சொல் உட்பட. அன்றைக்கு அவன் தெரிந்துதான் உடைத்தான், எனக்கும் அது தெரியும்.

ஊர் திரும்பி இங்கே வந்த பிறகு, தைப் பொங்கலன்று மகன் போன் செய்தான். சுரங்கத்துக்கு வந்த விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி போயிருக்கிறான், அதே வழிகாட்டி. புறப்படும்போது சட்டத்தைச் சொல்லிவிட்டு, சரளை வெளியில் வண்டியை நிறுத்தி, ரெண்டு கோட்டைக் காட்டி விளக்கினாராம். "உங்க கோடுதாம்பா. அப்படியே இருக்கு." யாருடைய தடம் என்று ஒரு விருந்தாளி கேட்டிருக்கிறார். வழிகாட்டி என் மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒரு தாத்தே" என்று மட்டும் சொன்னாராம்.