இடுப்பளவு சொல்லும் உண்மை



2004-இல் லான்செட் இதழில் வெளிவந்த ஒரு படம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். புனேவின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் மருத்துவர் யுட்கினும் அருகருகே இருக்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் லண்டன்காரர் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், புனேக்காரர் உடலில் 21.2. எடை பார்க்கும் மெஷின் இந்த வேறுபாட்டைச் சொல்லாது. புனேயில் பிறக்கும் குழந்தைகளிடமே இது தொடங்கிவிடுகிறது. இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடையில் மிகக் குறைவு, தசையும் குறைவு. ஆனால் தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறைவதில்லை என்பதை யாஜ்னிக் குழுவினர் அளந்து காட்டினார்கள்.

கொழுப்பைப் பகையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். லிப்போடிஸ்ட்ரோபி நோயாளியைக் கவனித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். தோலடிக் கொழுப்பு அநேகமாக இல்லாததால், அவர் கைகால்களில் நரம்பும் தசையும் முறுக்கேறித் தெரியும். பார்ப்பவர்கள் உடற்பயிற்சி செய்தவர் என்றே நினைப்பார்கள். ஆனால் இவர்களில் டிரைகிளிசரைடு மிகுந்தவரின் ரத்தத்தைக் குழாயில் எடுத்துச் சற்று நேரம் வைத்தால், மேலே பிரியும் நீர் பால்போல வெளுத்திருக்கும். கல்லீரல் வீங்கியிருக்கும், இன்சுலினைக் கூட்டிக்கொண்டே போனாலும் சர்க்கரை அடங்காது. சேமித்துவைக்கத் தோலுக்கடியில் இடமில்லாத கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் போய்த் தங்குகிறது. 1994-இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் கண்டறிந்த லெப்டின், கொழுப்புத் திசுவே சுரக்கும் ஹார்மோன். அதை ஊசியாகச் செலுத்தினால் இந்நோயாளிகளில் பலருக்குச் சர்க்கரையும் கல்லீரல் கொழுப்பும் இறங்குகின்றன. கொழுப்புத் திசு ஓர் உறுப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நம் ஊரில் நாம் தினமும் பார்ப்பது லிப்போடிஸ்ட்ரோபியின் மிதமான வடிவம்தான் என்பது என் கருத்து. தோலடிச் சேமிப்பு சீக்கிரமே நிரம்பிவிடுகிறது. மிச்சம் வயிற்றுக்குள் சேர்கிறது. இப்படி உடலின் மேற்பாதியில் சேரும் கொழுப்பையே, மார்செய் நகரின் ஜான் வாக் 1947-லேயே நீரிழிவோடு தொடர்புபடுத்தினார். அதற்குப் பிறகும் "ஒல்லியாத்தானே இருக்கீங்க, சர்க்கரையெல்லாம் வராது" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்! சென்னை மதராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை முன்னின்று நடத்திய தேசிய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வந்தன. பிஎம்ஐ கணக்கில் உடற்பருமன் உள்ளவர்கள் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் உள்ளவர்களோ 39.5 சதவீதம். எடையை மட்டும் பார்த்தால் இடைப்பட்ட இத்தனை பேரும் நம் கண்ணில் படாமலே போகிறார்கள். இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது, ஏனென்றால் இவர்களைக் கண்டுபிடிக்கத் தேவைப்படுவது ஒரு டேப் மட்டுமே. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே, இயல்பாக மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்பது நம் மக்களுக்கான எல்லை.

மரபணு, அழற்சி, குடல் நுண்ணுயிர், புதிய ஊசி மருந்துகள் எல்லாம் இந்த அரங்கில் விரிவாகப் பேசப்படவிருக்கின்றன. அவற்றுக்குள் நான் போகவில்லை. கட்டுரை படிக்கும் இளைஞர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: உங்கள் அட்டவணையில் பிஎம்ஐ-க்குப் பக்கத்தில் இடுப்பளவும் இருக்கட்டும். அது இல்லாத கட்டுரைகளைப் பற்றி அமர்வுத் தலைவர்கள் தயங்காமல் கேள்வி கேட்க வேண்டும். முதல் அமர்வு கல்லீரல் கொழுப்பைப் பற்றியது. கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.