திருநீற்றுப் புதன் வந்த வாரம்



கத்தோலிக்கப் பாடசாலை என்றதும் நம்மிற் பலருடைய மனக்கண்முன் தோன்றுவன ஓங்கிய மாடிக் கட்டடமும், நீண்ட விறாந்தையும், வெள்ளை அங்கி தரித்த சுவாமிமாரும், வாத்தியக் குழுவுமேயாம். 1850ஆம் ஆண்டிலே தொடக்கம் பெற்ற யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரி, 1873இல் எழுந்த மட்டக்களப்பு மிக்கேல் கல்லூரி முதலியவற்றின் பெருமையைப் பலர் பேசக் கேட்டிருப்பீர்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அத்தகைய கல்லூரியொன்றைப் பற்றியதன்று. "றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை" என்ற நீண்ட பெயரும் குறுகிய வளவும் உடைய சிறு பாடசாலைகள் நமது கடற்கரை நெடுகிலும் உள்ளன. மன்னார்க் கரையில் உள்ள அவற்றுள் ஒன்றுக்கு நான் அதிபராக இருக்கிறேன்.

பெயர் கத்தோலிக்கப் பெயர், பொறுப்போ அரசினருடையது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி நன்கொடை பெற்றுவந்த பாடசாலைகளை அரசின்பாற் சேர்த்தன. அக்காலத்து எழுந்த வாதப் பிரதிவாதங்களை இங்கே கிளறப் புகவில்லை. எமது ஊரைப் பொறுத்தவரையில் முகாமை மாறிற்று, பெயர்ப்பலகை மாறவில்லை, கோவிலுக்கும் பாடசாலைக்கும் நடுவேயுள்ள படலையும் இன்றுவரை அடைபடவில்லை. நான் சைவக் குடும்பத்திற் பிறந்தவன். எமது பிள்ளைகளிற் பெரும்பாலார் கத்தோலிக்கர். ஏனையோர் சைவரும் இஸ்லாமியரும் ஆவர். 1990ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள், 2009இல் யுத்தம் முடிந்தபின் ஒவ்வொன்றாகத் திரும்பிவந்த ஊர்களில் எமதும் ஒன்று.

நான் கூறப்போவது 2025ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் திகதி திங்கள் முதல் 7ஆம் திகதி வெள்ளி வரை உள்ள ஐந்து நாட்களைப் பற்றியது. அதற்கு முந்திய புதனன்று, பெப்ரவரி 26இல், சிவராத்திரி. திருக்கேதீச்சரத்துக்குச் சென்று பாலாவித் தீர்த்தம் எடுத்து, தம் கையாலேயே இலிங்கத்துக்கு அபிஷேகம் செய்து, இரவு முழுவதும் விழித்திருந்த எங்கள் சைவப் பிள்ளைகள் மறுநாள் உறங்கி விழுந்தார்கள். மார்ச் 2இல் றமழான் நோன்பு தொடங்கிற்று. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புக் கால விடுமுறை உண்டு. எம்மிடம் படிக்கும் இஸ்லாமியப் பிள்ளைகளோ நோன்பு நோற்றுக்கொண்டே வகுப்புக்கு வருவர். மார்ச் 5 திருநீற்றுப் புதன். கத்தோலிக்கரின் தவக்காலம் அன்றே ஆரம்பமாகும்.

திங்கட்கிழமை காலைக் கூட்டம் முடிந்து நான் அலுவலகத்துக்குள் நுழையுமுன்னரே பெற்றோர் நால்வர் கையொப்பமிட்ட கடிதத்துடன் காத்திருந்தார்கள். நால்வரும் தரம் 11 மாணவரின் பெற்றோர். எமது நேரசூசியிலே புதன்கிழமை இறுதிப் பாடவேளையும் வெள்ளிக்கிழமை இரண்டாம் பாடவேளையும் சங்கங்களுக்கென ஒதுக்கப்பட்டவை. (வெள்ளியிலும் இறுதி வேளையே முன்பு இருந்தது, ஜும்ஆத் தொழுகைக்குச் செல்லும் பிள்ளைகள் விடுபட்டுப் போகிறார்கள் என்று கண்டு அதனை முற்பகலுக்கு மாற்றினோம்.) அவ்விரு வேளைகளையும் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தந்துவிட வேண்டும் என்பதே அவர்களின் விண்ணப்பம். ஒரு கிழமைக்கு எண்பது நிமிடம். ஓர் ஆண்டுக்கு எவ்வளவு என்று கணக்கும் போட்டுக் காட்டினார்கள். நகரத்துப் பிள்ளை மாலையிலே தனியார் வகுப்புக்குப் போகிறது. கடற்கரைப் பிள்ளைக்குப் பாடசாலையை விட்டால் வேறு புகல் இல்லை என்றார்கள். இது அலட்சியம் பண்ணக்கூடிய வாதமன்று. வெள்ளிக்கிழமை மறுமொழி தருவதாகக் கூறி அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் பழைய குருத்தோலைகளைக் கொண்டுவந்தார்கள். இதனை அறியாத நேயர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய ஞாயிறன்று கோவிலிலே மந்திரித்துக் கொடுக்கப்படும் ஓலையைச் சிலுவையாக முடைந்து வீட்டுப் படங்களின் பின்னே செருகி வைப்பது வழக்கம். ஓராண்டு கழிந்தபின் அவ்வோலைகளைச் சேர்த்து எரித்த சாம்பலே அடுத்த திருநீற்றுப் புதனில் நெற்றியிற் பூசப்படுகிறது. படலைக்கு அப்பால் கோவில் முற்றத்தில் மூப்பர் ஒரு மண்சட்டியிலே ஓலைகளை எரித்து, சாம்பலை வெள்ளைத் துணியில் அரித்தெடுத்தார். சுற்றி நின்ற பிள்ளைகளுள் ஆறாம் வகுப்புச் சைவச் சிறுமியொருத்தி, தன் அம்மம்மா சாணத்தைச் சுட்டுத் திருநீறு எடுக்கும் முறையை மூப்பருக்கு விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். துணி இரண்டு மடிப்பாக இருக்க வேண்டும் என்று திருத்தமும் கூறினாள். மூப்பர் மறுக்காமல் துணியை மடித்துக்கொண்டார்.

புதன்கிழமை காலைப் பூசைக்குப் போய் நெற்றியிற் சாம்பலுடன் பிள்ளைகள் வரிசையில் வந்து நின்றபோது, யார் சைவர் யார் கத்தோலிக்கர் என்று புதிதாக வந்த ஆசிரியர் ஒருவருக்குப் புரியவில்லை. அந்தப் புதனுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் பெயரே நமது திருநீற்றைக் கொண்டதுதானே!

திருச்சபையின் ஒழுங்கின்படி, அன்று 14 வயது நிறைந்தோர் மாமிசம் விலக்க வேண்டும். 18 முதல் 59 வயது வரையுள்ளோர் ஒருவேளை மட்டும் நிறைய உண்டு நோன்பிருக்க வேண்டும். மீனுக்குத் தடையில்லை. ஐரோப்பாவிலே இது பெரிய தவமாக இருக்கலாம். மீனையே உண்டு மீனையே விற்று வாழும் எங்கள் ஊரில் மாமிசத்தை விலக்குவது என்ன தவம்? பிள்ளைகளுக்கு இது தெரியும். ஆகையால் அவர்கள் தாமே வேறு வழி வகுத்துக்கொண்டார்கள். பால்மாப் பேணியின் மூடியிலே துளையிட்டு, இனிப்புக்கும் ஐஸ் பழத்துக்கும் செலவிடும் காசை நாற்பது நாளும் அதில் இடுவார்கள். வகுப்புக்கு ஒரு பேணி. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கென்று தொடங்கியது. எப்போது எல்லாருக்கும் உரியதாயிற்று என்று எவருக்கும் நினைவில்லை.

அன்று இறுதிப் பாடவேளையில் இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் கூடிற்று. தொழிலாளரிடையே பணிபுரிந்த யோசேப் கார்டைன் என்ற பெல்ஜிய நாட்டுக் குருவானவர் 1925இல் இளந் தொழிலாளர் இயக்கத்தைத் தோற்றுவித்தார். ஆலைக்குச் செல்லும் இளைஞர்க்கு அவர் கற்பித்த முறை எளியது. முதலிற் கண்ணால் நோக்குக. பின்பு நிதானித்து முடிவு செய்க. அதன்பின் செயலில் இறங்குக. மாணவர் இயக்கமும் அம்முறையையே கைக்கொண்டது. எங்கள் பாடசாலையில் அதனை நடத்துபவர் ஓர் அருட்சகோதரி. அவரும் அரசினர் ஆசிரியரே. அவர் கூட்டத்தைச் செபத்தோடு தொடங்கியபின் செய்யும் முதற் காரியம், வரவு இடாப்பை மேசைமேல் விரித்து வைப்பது. அங்கத்தவர் அல்லாத சைவப் பிள்ளைகளும் இஸ்லாமியப் பிள்ளைகளும் இந்த வேளைக்கு வந்து அமர்வதுண்டு. இடாப்புப் பார்ப்பதற்குச் சமயம் தடையல்லவே.

அன்று இடாப்பில் அகப்பட்டது தரம் 11 மாணவன் ஒருவனுடைய பெயர். பத்து நாளாக வரவில்லை. வகுப்பாசிரியர் சுகவீனம் என்று கேள்விப்பட்டதாகக் குறித்திருந்தார். "சிஸ்டர், அவன் சுகமாய்த்தான் இருக்கிறான், இரவிலே கடலுக்குப் போகிறான்" என்று ஒரு பையன் மெதுவாகச் சொன்னான். எல்லாப் பிள்ளைகளும் இதனை அறிந்திருந்தார்கள். எவரும் கேட்காதபடியால் எவரும் சொல்லவில்லை.

வியாழக்கிழமையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இல்ல விளையாட்டுப் போட்டிக்கான ஓட்டங்கள் நடந்தன. நோன்பு நோற்ற பையன்கள் வெயிலில் நீரின்றி ஓடலாகாது என்று நெடுந்தூர ஓட்டத்தை விளையாட்டு ஆசிரியர் காலை ஆறரைக்கு மாற்றியிருந்தார். பாடசாலை விட்டபின் ஐந்து பிள்ளைகள் அருட்சகோதரியுடன் அந்த மாணவனின் வீட்டுக்குப் போய்வந்தார்கள்.

அவர்கள் கொண்டுவந்த செய்தி எங்கள் கரையில் புதிதன்று. எல்லை தாண்டி வந்த இழுவைமடிப் படகுகள் தகப்பனாருடைய வலைகளை அறுத்துச் சென்றுவிட்டன. கடலின் அடியை வாரியெடுக்கும் இழுவைமடித் தொழில் 2017இல் எமது நாட்டிலே சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஆயினும் சட்டம் வலையைத் திருப்பித் தருவதில்லை. அந்த வலைகள் சம்மாட்டியிடம் கடன் பட்டு வாங்கியவை. தகப்பன் இன்னொருவர் படகிற் கூலிக்குப் போகிறார். மகன் மாமனுடைய படகில். மகன் போவதால் ஒரு கூலியாளின் பங்கு மாமனுக்கு மிஞ்சுகிறது. அது கடனுக்குக் கழிகிறது. மாலை ஆறு மணிக்குப் படகு இறங்கும்; விடியற் புறம் கரை சேரும்; பகல் முழுவதும் பையன் உறங்குவான். இதில் எவர்மீது குற்றம் காண்பது? தாயார் அழவில்லையாம், வந்த பிள்ளைகளுக்குத் தேநீர் கொடுத்து, மகனை எழுப்பட்டுமா என்று கேட்டாராம். எழுப்ப வேண்டாம் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மாதத்தின் முதல் வெள்ளி, காலையிற் பூசை. மாலையில் கோவிலிலே வியாகுலப் பிரசங்கம் வாசிக்கப்படும். கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்து, ஒல்லாந்தர் ஆட்சியிலே கத்தோலிக்கருக்குத் தடையிருந்த காலத்தில் ஊர் ஊராக அலைந்து, 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் எழுதிய நூல் அது. அதனை இழுத்து இராகத்தோடு வாசிக்கும் முதியவர்களிடம் எங்கள் பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் தமிழைப் பாடநூல் கொடுத்துவிடாது. நான் தமிழ் படித்தவன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அன்று இரண்டாம் பாடவேளைக்கு நானும் போய்ப் பின்வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பேணிகளை உடைத்து அந்தக் காசைக் கொடுத்துவிடலாம் என்று சிறியவர்கள் சொன்னார்கள். தரம் 10 மாணவி ஒருத்தி எழுந்து, "சிஸ்டர், இந்தக் காசுக்கு வலையில் ஒரு முழங்கூட வராது. அவனுக்கு வேண்டியது காசு இல்லை, படகிலே இன்னோர் ஆள்" என்றாள். மீனவர் வீட்டுப் பிள்ளை. கணக்கு அவளுக்கு விளங்கும். அவ்வாறாயின் ஆள் தரக்கூடியவர் யார்? கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தார்தான். சங்கத்தின் செயலாளரைப் பாடசாலைக்கு அழைத்துவரும்படி இரு மாணவரை அருட்சகோதரி அனுப்பினார்.

வந்தவர், திங்கட்கிழமை என்னிடம் கடிதம் கொடுத்த நால்வருள் ஒருவர். தமது கடிதத்துக்கு மறுமொழி சொல்லத்தான் அழைத்தார்கள் என்று எண்ணி வந்திருந்தார். பிள்ளைகள் அவரை நாற்காலியில் இருத்தி, கடன் விபரத்தையும் படகு விபரத்தையும் சொன்னார்கள். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, கிழமை நாட்களில் முறை வைத்து ஆள் அனுப்பச் சங்கத்திற் பேசுவதாகவும், பையனின் மாமன் கோபக்காரன் ஆதலால் உறுதி கூற முடியாது எனவும் சொன்னார். மாமன் முதலில் இணங்கவில்லை என்றும், பங்குத்தந்தையும் சம்மாட்டியும் போய்ப் பேசிய பின்னரே வழிக்கு வந்தார் என்றும் பின்பு அறிந்தேன். பாடசாலை உள்ள நாட்களில், வியாழன் வரை வேறு ஆள். வெள்ளி இரவிலும் விடுமுறைக் காலத்திலும் பையனே போவான். சனி இரவு எவரும் கடலுக்குப் போவதில்லை. ஏற்பாடு இதுதான்.

கடிதத்துக்கும் அன்றே மறுமொழி எழுதினேன். புதன்கிழமைப் பாடவேளையைத் தரம் 10க்கும் 11க்கும் கணிதத்துக்கு விட்டுக்கொடுத்தேன். வெள்ளிக்கிழமை வேளையைக் கொடுக்கவில்லை. அருட்சகோதரிக்கு இதில் வருத்தம். பெற்றோருக்கும் முழுத் திருப்தியில்லை. செயலாளர் மட்டும் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மற்ற மூவரிடமும் தாமே பேசிக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

மார்ச் 10ஆம் திகதி திங்கட்கிழமை அந்த மாணவன் வகுப்புக்கு வந்தான். கயிறு அறுத்த காயத்தால் வலக்கையிற் பேனா பிடிக்க முடியவில்லை. அவனுக்கு இருபுறமும் இருந்த பையன்கள், விடுபட்ட பத்து நாளையும் பாதி பாதியாகப் பங்கிட்டு, அவனுடைய கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவனுடைய கையெழுத்து மகா மோசமானது. அதை வாசிக்க முடியவில்லை என்று அவன் என்னிடமே முறையிட்டான்.