கனத்த சாரீரம்: உஷா உதுப்பின் இசை வாழ்க்கை



ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்களின் சந்ததியார் அமெரிக்க மண்ணில் வளர்த்தெடுத்து, ஜாஸ் என்ற பெயரால் உலகப் பிரசித்தி பெற்ற சங்கீதத்துக்கும் நம் தாம்பரம் பகுதிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் ஐயுறலாம். 1931 முதல் மின்சார ரயில் ஓடும் தாம்பரம் தடத்தில், பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பியானோவையும் கிதாரையும் கேட்டவர்களுக்கு அந்த ஐயம் எழாது. ஆயினும் இன்று நான் பேச வந்தது, 1947-இல் பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னையில் மேடையேறிய பாடகி உஷா உதுப் அவர்களைப் பற்றி.

அவருடைய குரல் கனமானது. கீழ்ஸ்தாயியில் நின்று முழங்குவது. பள்ளிக்கூடத்துப் பாட்டு வகுப்பில், மற்றச் சிறுமியரின் குரலோடு இழையவில்லை என்று அவரை ஒதுக்கிவிட்டார்கள். கச்சேரி மேடையில் டி. கே. பட்டம்மாளின் கம்பீரத்தைப் போற்றிய அதே ரஸிகர்கள்தாம், திரைப்பாட்டு என்று வரும்போது, பெண் குரல் மேலே மேலே ஏற வேண்டும், தேனாய்க் குழைய வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். இது நம் செவியின் பழக்கமேயன்றிச் சங்கீத நியதி அன்று.

1969-இல் மவுண்ட் ரோடு சபையர் தியேட்டரின் கீழ்த்தளத்திலிருந்த ‘நைன் ஜெம்ஸ்’ என்னும் விடுதியில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அவர் பாடத் தொடங்கினார். மதுவிலக்கு அமலிலிருந்த சென்னையில் இரவு விடுதி நடந்ததே ஒரு விநோதம். அதில் பாட வந்தவர் கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவர்போல் நின்றது அதைவிடப் பெரிய விநோதம்! ஜாஸ் மரபிலோ கனத்த பெண் குரலுக்குச் சிம்மாசனமே உண்டு. பள்ளி தள்ளிய சாரீரம் அங்கே தன் ஸ்தானத்தைக் கண்டது. பிறகு கல்கத்தா பார்க் தெருவின் ‘டிரிங்காஸ்’ விடுதியில் பாடினார். அந்நகரமே அவருக்கு வீடாயிற்று.

உஷாவின் பாட்டு ஆப்பிரிக்காவையும் தொட்டது. தென்னாப்பிரிக்காவில் 1932-இல் பிறந்த மிரியம் மகேபா, ஜாஸையும் தம் மக்களின் பாட்டையும் ஒரே மூச்சில் பாடியவர். 1960-இல் கடவுச்சீட்டு ரத்தாகி, தாயின் ஈமச்சடங்குக்கும் போக இயலாமல், முப்பதாண்டுகள் தாய்நாட்டுக்கு வெளியே வாழ்ந்தார். அவர் உலகறியச் செய்த ‘மலைக்கா’ என்னும் சுவாஹிலிப் பாட்டை உஷாவும் தமதாக்கிக்கொண்டார். நைரோபியில் பாடி, அந்நகரத்து ரஸிகர்களின் அபிமானத்தைப் பெற்றார். மகேபாவின் குரலில் இருந்த ராஜீய வேதனை உஷாவின் குரலில் இல்லை. இருந்ததாகச் சொல்வது வெறும் முகஸ்துதி. உஷாவினுடையது குதூகலம்.

மெட்டமைத்தவர் என்ற பெருமையை அவருக்கு நான் சூட்ட மாட்டேன். பிறர் மெட்டைத் தம் சுவாசத்தால் புதிதாக்கியவர் என்பதே பொருந்தும். 2011-இல் பத்மஸ்ரீயும் 2024-இல் பத்மபூஷணும் வந்தன. தமிழ்த் திரையுலகமோ அக்குரலை அபூர்வமாகவே அழைத்தது. 1990-இல் ‘அஞ்சலி’ படத்தில் இளையராஜா அவருக்களித்த ‘வேகம் வேகம்’ பாட்டைக் கேட்கும்போதெல்லாம், இன்னும் பத்துப் பாட்டாவது கொடுத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு எழுகிறது.